மீதி நூற்றிருபத்தாறு மிதி

என் மனைவி துணியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பூவேலை செய்வாள். நல்ல பக்கம் கீழே, மிஷின் பலகையோடு ஒட்டியிருக்கும். பின்பக்கம் மேலே, அவள் கண்ணுக்கு முன்னால். மற்றவர்கள் அழகு நூலை ஊசியில் கோத்துத் தைப்பார்கள். அவள் ஊசியில் இருப்பது துணியின் நிறத்திலேயே சாதாரணத் தையல் நூல். அழகு நூல் அடியில், பாபினில் இருக்கும். அது பொன்னிறச் சரிகை முறுக்கிய கயிறு. ஊசிக் கண்ணில் நுழையாத தடிமன். அதைக் கையால்தான், இறுக்காமல், அடுக்கடுக்காகப் பாபினில் சுற்ற வேண்டும். பாபினைப் போடுகிற கூட்டின் பக்கத்தில் எள் அளவுக்கு ஒரு திருகாணி உண்டு. அதைச் சற்றே தளர்த்தினால்தான் தடித்த நூல் சிக்காமல் வெளியே வரும். பிறகு, பின்பக்கத்தில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்த கோட்டின் மேல் ஊசியை ஓட்டுவாள். அடியில், அவள் பார்க்க முடியாத பக்கத்தில், சரிகை துணியைக் கவ்விக்கொண்டு வளைந்து வளைந்து போகும். முடித்துத் திருப்பிப் போடும்போதுதான் கிளி தெரியும். அதுவும், அவள் வரைந்த கிளி வலப்பக்கம் பார்த்தால் வந்த கிளி இடப்பக்கம் பார்க்கும்.

இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பாபினில் எவ்வளவு நூல் மீதி இருக்கிறதென்று தைக்கிறவருக்குத் தெரியாது. நூல் தீர்ந்த பிறகும் ஊசி நிற்காது. மேல் நூல் துணியின் மேல் படுத்துக்கொண்டே போகும். சிவப்புத் துணியில் சிவப்பு நூல். பார்த்தால் தையல் மாதிரியேதான் இருக்கும். அடியில் ஒன்றுமே இருக்காது.

அதனால் நான் எண்ணினேன்.

எண்ணுவது என் தொழில். பகா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்துநான்கு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் தலைகளை எண்ணினேன். ரப்பர்ப் பால் வாளிகளை எண்ணினேன். ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு குலைகளை எண்ணினேன். ஓய்வு பெற்று பகாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி வந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் படிகளை, மாத்திரைகளை, எதிர்வீட்டு நாய் குரைப்பதை எண்ணினேன். "இந்த வியாதிய ஒரு வேலைக்காவது ஆக்குவோம்" என்று சொல்லி என் மனைவி என்னைப் பிரம்பு நாற்காலியில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அது கால் மிஷின். பாதப் பலகை ஒருமுறை கீழே போய் மேலே வந்தால் ஒரு மிதி. ஒரு மிதிக்கு நான்கு தையல் விழும். அவள் கைச்சுற்றில் ஒரு பாபின் சரிகை முந்நூற்றுப் பத்து மிதிக்கு வரும். மூன்றோ நான்கோ கூடும், குறையாது. நான் இருநூற்றுத் தொண்ணூறில் குரல் கொடுப்பேன். அவள் வளைவு முடிகிற இடமாகப் பார்த்து நிறுத்திக்கொள்வாள்.

"எத்தன?" என்பாள், தலையைத் திருப்பாமல்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு."

"பேப்பரப் படிச்சிக்கிட்டே எண்றீங்களா, எண்ணிக்கிட்டே படிக்கிறீங்களா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்யி."

ஒருநாளும் என் எண் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

எனக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காலையிலும் மாலையிலும் இரத்தத்தில் தட்டணு எத்தனை என்று சொல்வார்கள். நான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். எண் கீழே கீழே இறங்கியது. ஏழாம் நாள் எழுதுவதற்கு எனக்கு நினைவு இல்லை. அன்றைய எண்ணை அவள் எழுதியிருக்கிறாள், ஒரு சைபரை விட்டுவிட்டு. அன்றைக்குத்தான் எங்கள் எஸ்டேட் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கருவறைக்குத் திரை தைத்துப் போடுவதாக.

"என்னக் கேக்காமயா?" என்றேன், வீட்டுக்கு வந்த பிறகு.

"நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. ஆத்தாகிட்டதான் கேட்டேன்."

சிவப்புப் பட்டுச் சாட்டின் துணி. ஏழடி உயரம், ஐந்தடி அகலம். ஓரம் முழுக்க வேப்பிலை. மொத்தம் இருநூற்றுப் பதினாறு இலை. நடுவில் கரகம். கரகத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற இரண்டு கிளி. ஒவ்வொரு கிளியும் இரண்டு சாண். மூட்டு வலியும் கண்ணும் இடம் கொடுத்த நாளில் மட்டும் தைத்தாள். நாற்பத்தொரு பாபினில் ஓரமும் கரகமும் முதல் கிளியும் முடிந்தன. நாற்பத்திரண்டாவது பாபினில் இரண்டாம் கிளியைத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது, கால் வீங்குவது அதனால்தான் என்றார் டாக்டர். இளம் மலாய்க்காரர், பொறுமையானவர். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன், பதினான்கு. ஒன்பதாவது கேள்வி: தையல் மிஷின் மிதிக்கலாமா?

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "குராங்-குராங்கான் லா, மக்சிக்" என்றார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று பொருள்.

குறைக்கத்தான் சொன்னார். நான் சைபர் ஆக்கினேன்.

மறுநாள் காலை அவள் உட்கார்ந்துவிட்டாள். நானும் பழக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். அவள் தோள் மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நூற்றெண்பத்து நான்கில், "போதும், எந்திரி" என்றேன்.

"இன்னும் நூத்துச் சொச்சம் இருக்குல்ல?"

"நூத்தி இருவத்தாறு. அது எங்கயும் ஓடிறாது. ஒடம்பு தேறட்டும்."

"வேண்டுதல் நிக்குதுங்க."

"நான்தான் உசிரோட நிக்கிறேன்ல. அது போதும் ஆத்தாளுக்கு."

அவள் எழுந்தாள். ஊசி துணியில் குத்தி நின்றபடியே மிஷினை மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். நான் இல்லாத நேரத்தில் மிதிப்பாள் என்று தோன்றியது. பாதப் பலகையையும் மேல் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பெல்ட்டைக் கழற்றி, என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அறுபத்துமூன்று நாள். அறுபத்துநான்காம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

கருமாதிக்குப் பிறகு சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த மகள் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் அந்தச் சத்தம். மதியம் சாப்பிட்டு நாற்காலியில் கண்ணயர்கிற நேரம். முன்னறையில் 'டக்' என்று ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொரு 'டக்'. எழுந்து போனால் ஒன்றும் இருக்காது. பல்லி என்று நினைத்தேன். வெயிலுக்குக் கூரைத் தகரம் விரிகிற சத்தம் என்று நினைத்தேன். எண்ணினேன். ஒருநாள் பதினேழு, ஒருநாள் இருபது, ஒருநாள் பத்தொன்பது. பல்லிக்கு அப்படிக் கணக்கு இருக்காது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. அப்படி இருந்தாலும், என்னைத் தொந்தரவு செய்தது வேறு. மிஷின் சத்தமென்றால் அது ஓட்டமாக அல்லவா கேட்க வேண்டும்? முப்பது வருடமாக அவள் தைத்த சத்தம் எனக்குத் தெரியும். மழை மாதிரி ஓடும். இந்த ஒற்றைச் சத்தத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று விளங்கவில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். எஸ்டேட்டில் இருந்தபோதே தையல் வேலை செய்தவர். இங்கேயும் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறார். என் மனைவி அவரை அக்கா என்பாள். எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் பெண்களைத் திரட்டுவது அவர்தான். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து நாளாகிவிட்டது; கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க் கூடுவோம். திருவிழாவுக்கு முப்பத்தேழு நாள் இருக்கும்போது அவர் வாசலில் வந்து நின்றார்.

"கிராணியார், அந்தத் திர என்ன ஆச்சு?"

"அப்படியேதான் இருக்கு."

"வேண்டுதல் நின்னுபோனா நல்லதில்ல. போனவங்களுக்கு வழி விடாதும்பாங்க."

"அதெல்லாம் நான் நம்புறதில்லம்மா."

"நீங்க நம்ப வேணாம். ஆத்தா நம்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

நான் நாற்காலியை வாசலுக்கு நகர்த்திப் போட்டேன்.

"நான் தச்சு முடிச்சிருவேன், அர நாளு வேல. ஆனா அது உங்க வீட்டு வேண்டுதல். உங்க வீட்டுக் கைதான் தைக்கணும். மக வருமா?"

"அது ஊசியில நூல் கோக்கத் தெரியாம வளந்துச்சு."

"அப்ப நீங்கதான் லா. நேராத் தச்சா போதும். கிராணி வேல பாத்த கைதானே, கோட்டுல போவத் தெரியாதா?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரன் வருஷம் திரும்பும்வரை கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. தலைத் திவசத்துக்கு இன்னும் நூற்றெட்டு நாள் இருந்தது. அந்த அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். தைத்து முடித்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூன்று நாள் தன் வீட்டில் வைத்திருந்து, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்து பெல்ட்டை எடுத்து மாட்டினேன். தோல் காய்ந்திருந்தது, எண்ணெய் தடவினேன். மிஷினைத் திறந்தேன். துணி அப்படியே இருந்தது, ஊசி குத்தி நின்றபடி. அவள் வரைந்த கோடு அங்கிருந்து இறங்கி வாலுக்குப் போனது. மேல் நூல் சிவப்பின் மேல் சிவப்பு. எனக்கு இடது கண்ணில் மட்டும்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினாள் என்பதை நான் பார்த்து வைக்கவில்லை. எண் இருக்கிறதே, போதும் என்று இருந்துவிட்டேன்.

பாபினை வெளியே எடுக்கவில்லை. அவள் கையால் சுற்றியது. எடுத்துப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் எடுத்தால் திரும்ப அதே மாதிரி வைக்க வராதோ என்று பயம். திருகாணியும் அவள் தளர்த்திய அளவில் இருந்தது. நூற்றிருபத்தாறு மீதி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, அது போதுமென்று தோன்றியது.

நூற்றெண்பத்தைந்து என்று வாய்விட்டுச் சொல்லிக் கால் வைத்தேன்.

பழகாத கால். சக்கரம் ஒருமுறை பின்பக்கம் சுற்றிவிட்டது. பிறகு பிடிபட்டது. ஒரு மிதி, நிறுத்தம். ஒரு மிதி, நிறுத்தம். கோட்டைப் பார்க்க வேண்டும், துணியைத் திருப்ப வேண்டும், எண்ணவும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவது வேறு, இது வேறு. வேர்த்துக் கொட்டியது. இருநூறைத் தாண்டியபோது கொஞ்சம் சீராக வந்தது. இருநூற்றைம்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட வந்தது, அதைச் சொல்ல வேண்டும். இருநூற்றுத் தொண்ணூறில் யாருக்கோ சொல்வது போல் உரக்கச் சொன்னேன். முந்நூற்றுப் பத்தில் நிறுத்தினேன். வால் இறகு நான்கில் மூன்று முடிந்திருந்தது.

நூலை வெட்டித் துணியைத் திருப்பிப் போட்டேன்.

கிளிக்கு வால் இல்லை.

தலை இருந்தது, கழுத்து இருந்தது, முதுகும் சிறகும் இருந்தன. சிறகிலிருந்து ஒரு கையளவு சரிகை போய், வாலின் தொடக்கத்தில் ஒரு சிறு நுனி தொங்கி நின்றது. அதற்கு மேல் வெறும் சிவப்பு. பாபினை எடுத்துப் பார்த்தேன். காலி. உலோகம் பளபளவென்றிருந்தது.

முதலில் என் எண் தவறிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்க முடியவில்லை. பாபின் கூட்டில் எலி கடித்ததா என்று பார்த்தேன். நூல் துணுக்கு ஒன்றுகூட இல்லை. சரிகை வந்த தூரத்தை நான் தைத்த தொடக்கத்திலிருந்து அளந்தால் இருபத்தெட்டு மிதிதான் வந்தது. மீதி தொண்ணூற்றெட்டு மிதி நூல் எங்கே? பூட்டிய வீட்டில், மூடிய மிஷினில், பாபினிலிருந்து நூலை எடுத்தது யார்? அன்று மதியம் 'டக்' சத்தம் வருமென்று நாற்காலியில் காத்திருந்தேன். வரவில்லை. அதுவும் நல்லதாகப் படவில்லை.

மாலையில் துணியைச் சுருட்டிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியை மேசையில் விரித்தார். அவர் வாலைப் பார்க்கவில்லை. கிளியின் தலையிலிருந்து சரிகையின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். கழுத்தில் விரல் நின்றது.

"இங்க வரைக்கும் ஒரே சீரா போவுது பாருங்க. மிதிச்சது. இங்கேருந்து ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி. ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு தொளதொளன்னு." விரல் முதுகில் இறங்கிச் சிறகைச் சுற்றியது. "இங்க முடியுது. அப்புறம் இது உங்க தையலு. ஆடிக்கிட்டு வருது, ஆனா மிதிதான். நடுவுல இருக்கறது மிதியில்ல, கிராணியார். கையால சக்கரத்தச் சுத்திப் போட்டது."

"பெல்ட்டு என் அலமாரியில இருந்துச்சும்மா. சாவி என் இடுப்புல."

"கையால சுத்துறதுக்குப் பெல்ட்டு எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு தடவ பாத்தேன். நீங்க பாசாருக்குப் போன நாளு. வெத்தல கேக்கப் போனேன். ஒரு சுத்து சுத்தி ஒரு தையலு. அப்புறம் கைய மடியில வச்சிக்கிட்டு மூச்சு வாங்குவாங்க. அப்புறம் ஒரு சுத்து. நான் சுத்தட்டுமான்னேன். வேணாம் எங்கையிதான்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கக்கான்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க. சொன்னா அவரு சக்கரத்தயும் கழட்டி அலமாரியில வச்சிருவாருன்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க."

"எத்தன தையல் போட்டா?"

"அத யாருங்க எண்ணுனா?"

வீட்டுக்கு வந்து நான் எண்ணினேன். பூதக்கண்ணாடி வைத்து, குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இரண்டு தரம். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றெட்டு மிதிக்குச் சற்றுக் குறைவு. நிதானமாக மிதித்தால் பத்து நிமிடத்து வேலை. பத்து நிமிடத்து வேலையை அவள் அறுபத்துமூன்று நாள் செய்திருக்கிறாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவள் நாடித்துடிப்பை நான் காலையிலும் பதினொரு மணிக்கும் எடுத்து எழுதியது. அதை இறக்கி வைத்துப் பார்த்தேன். அந்த அறுபத்துமூன்று நாளில் நான் வெளியே போனது இருபத்தொரு நாள். இருபத்தொரு நாளிலும் பதினொரு மணித் துடிப்பு காலையைவிடப் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று கூடியிருந்தது. மற்ற நாளில் இல்லை. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. சிவப்பு மையில் கோடு போட்டு, 'நான் வீட்டில் இல்லாதபோது பயப்படுகிறாள் போலும்' என்று எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் காட்டினேன். அவர் மாத்திரையை அரை கூட்டினார். நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். வாரம் மூன்று நாள் போனவன் இரண்டு நாள்தான் போனேன். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும். பாசாரிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, "என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கேட்பேன். "சும்மா படுத்திருந்தேன்" என்பாள், மூச்சு வாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடிப்பேன்.

அந்தச் சக்கரம்தான் அவளைக் கொன்றதா? அல்லது பெல்ட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்து நாளுக்கு இருபது மிதி எண்ணியிருந்தால், முடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா? இந்தக் கணக்கை நான் பல வழியில் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு விடையும் வருகிறது.

அடியில் நூல் இல்லாமல் நான் போட்ட தையலைப் பிரிக்கச் சிரமமே இல்லை. நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. அத்தனையும் கழன்று கையோடு வந்துவிட்டது. துளைகள் மட்டும் நின்றன. தடித்த ஊசி, சாட்டின் துணி ஒருமுறை குத்தினால் மூடாது. தொண்ணூற்றெட்டு மிதி என்றால் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துளை. அவள் போட்ட தையலைவிட ஒன்று அதிகம். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஒன்றுமாகப் படவில்லை.

"பழைய ஓட்டையிலேயே போவாதீங்க. ஊசி வழுக்கும், தையலு உக்காராது. ஒரு நெல்லளவு உள்ள தள்ளிப் புதுசாக் கோடு போட்டுத் தைங்க. பகல்ல பாத்தா ஓட்ட தெரியாது. சிகப்பு முழுங்கிரும்."

"அடித்துணி குடுத்துத் தச்சா?"

"நாளு பத்தாது. விடுங்க. மிதிச்சே முடிங்க, சுருக்கா ஆவும்."

மிதிக்கவில்லை. பெல்ட்டைத் திரும்பவும் கழற்றினேன். இதில் உருக்கம் ஒன்றும் இல்லை. மிதித்தால் எனக்கு ஒரே நேரத்தில் எண்ணவும் ஓட்டவும் வராது என்று தெரிந்துவிட்டது. கையால் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தையல், தவற முடியாது. டப்பாவில் இருந்த சரிகையைப் பாபினில் கையால் சுற்றினேன். மூன்று முறை அவிழ்த்துச் சுற்ற வேண்டியிருந்தது. துணியைக் கவிழ்த்துப் போட்டேன். வலது கையால் சக்கரத்தை என் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

'டக்'.

அந்தச் சத்தம்தான். மாதக்கணக்காக மதியத்தில் நான் எழுந்து எழுந்து தேடியது. பாபின் கூட்டுக்குள் கொக்கி திரும்புகிற சத்தம். ஓட்டமாகப் போகையில் காதுக்குப் பிரியாது, ஒற்றையாகச் சுற்றினால்தான் கேட்கும். நான் பாசாருக்குப் போன நாளில் மட்டுமல்ல அவள் தைத்தது என்று அப்போது தெரிந்தது. நான் மதியம் நாற்காலியில் தூங்குகிறபோதும் முன்னறையில் தைத்திருக்கிறாள். தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். என் காதுக்குள் எங்கேயோ அது எண்ணப்பட்டும் இருக்கும்.

கையை எடுத்துவிட்டேன். அன்று வேறு தைக்கவில்லை.

பிறகு பதினான்கு நாள். நாளுக்கு நாற்பது, நாற்பத்தைந்து. எனக்கும் மூச்சு வாங்கியது, எழுபத்துமூன்று வயதுக்கு அது இயல்புதான். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எழுதி வைக்கவில்லை. வாலை முடித்து, நூலை அடிப்பக்கம் முடிச்சுப் போட்டு, திருப்பிப் பார்த்தபோது இரண்டாம் கிளி முதல் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தையல் கோணல். கழுத்தையும் சிறகையும் யாரோ, வாலை வேறு யாரோ தைத்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போனார்.

திருவிழா அன்று மகளும் வந்திருந்தாள்; காரில் கூட்டிப்போனாள். இருவருக்கும் உள்ளே இடமில்லை. வாசலுக்கு வெளியே, சூலம் நட்ட கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அது சின்னக் கோயில். அங்கிருந்து கருவறை முப்பத்தொரு அடி. கிராணியாக இருந்த காலத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. திரை போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. பொன்னிறமாக, பளிச்சென்று, கிளிகள் நன்றாகவே இருந்தன.

"அம்மா செஞ்சதாப்பா?" என்றாள் மகள்.

"ஆமா."

"முழுக்கவா?"

"வால் மட்டும் நான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இருட்டத் தொடங்கி ஏழரை மணிக்கு அலங்காரம் முடிந்தது. திரை விலகுவதற்கு முன்னால் மண்டபத்து விளக்குகளை அணைத்துவிடுவது எங்கள் கோயில் வழக்கம். ஆத்தாளை முதலில் ஒளியில் பார்க்க வேண்டும் என்பதற்காக. உள்ளே, திரைக்குப் பின்னால், அலங்காரத்துக்குப் போட்ட வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்டபம் இருண்டதும் திரை முழுவதும் உள்ளிருந்து சிவந்தது. பின்னால் ஒளி வந்ததும் சரிகை பொன்னாக இல்லை, கருப்பாக இருந்தது. கருப்பு இலைகள், கருப்புக் கரகம், இரண்டு கருப்புக் கிளிகள். இரண்டாம் கிளியின் வாலை ஒட்டி, ஒரு நெல்லளவு தள்ளி, இன்னொரு வால் எரிந்துகொண்டிருந்தது. புள்ளி புள்ளியாக, வெள்ளையாக.

"சமிக்கி வச்சுத் தச்சிருக்காங்க போல" என்றாள் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், பக்கத்தில் நின்றவளிடம். "அந்த வாலுக்கு மட்டும் ஏன் லா?"

"காசு பத்தியிருக்காது."

அவர்கள் சிரித்தார்கள். மகள் என் கையைப் பிடித்தாள். நான் வலது கண்ணை மூடிக்கொண்டேன். இடது கண்தான் தெளிவு. வால் தொடங்குகிற இடத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக்கொண்டு போனேன். மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பத்தாறு வரைக்கும் வந்தேன். பூசாரி திரையை இழுத்துவிட்டார்.